சிறுநீரில் மார்பகப் புற்றுநோயைத் தேடுதல்: பெங்களூரு தந்த பட்டியலின் வரலாறு

மார்பகத்தில் தோன்றும் ஒரு கட்டியைச் சிறுநீரைக் கொண்டு கண்டறிய இயலுமா என்ற வினா முதற்பார்வைக்கு வியப்பூட்டுவது. நோய் இருக்குமிடம் ஒன்று, தேடுமிடம் வேறொன்று. ஆயினும் கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் பல ஆய்வகங்கள் இவ்வினாவை விடாமல் கேட்டு வருகின்றன. காரணம் எளிது. சிறுநீரைப் பெற ஊசி வேண்டாம், கதிர்வீச்சு வேண்டாம், ஆடை களைய வேண்டிய கூச்சமும் வேண்டாம். மேமோகிராம் கருவி எட்டாத சிற்றூரிலும் ஒரு சிறு குப்பி போதும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகத் தோன்றியதாகவும், ஏறத்தாழ 98,000 பேர் அந்நோயால் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு கூறுகிறது. முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வருவோர் மிகுதியாக உள்ள நாட்டில், எளிதில் செய்யத்தக்க ஒரு சோதனையின் மீது எழும் ஆசை இயல்பானதே.

இத்தேடலின் வரலாற்றில் பெங்களூருக்கு ஓர் இடம் உண்டு. நோயற்றவர்களின் சிறுநீரில் என்னென்ன புரதங்கள் உள்ளன என்று எண்ணிப் பட்டியலிட்ட நகரங்களுள் அது முன்னிற்பது. நோயைத் தேடும் வேலையில் நலமுடையோரைப் பற்றிய பட்டியல் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நீர்க்குறியும் குடுவையும்

சிறுநீரைப் பார்த்து உடலின் நிலையை அறியும் முயற்சி தமிழ் மருத்துவத்திற்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, நா, விழி ஆகியவற்றோடு மூத்திரமும் ஒன்று. நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகிய ஐந்தையும் நோக்குவது நீர்க்குறி. வைகறையில் பிடித்த நீரில் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது பாம்புபோல் நீள்கிறதா, மோதிரம்போல் வளைகிறதா, முத்துப்போல் நிற்கிறதா என்று கண்டு வளி, அழல், ஐயம் எனப் பிரிப்பது நெய்க்குறி. இவ்விரண்டையும் தேரையர் பெயரோடு இணைத்துப் பேசுவது சித்த மரபு. அந்த ஐந்தில் நுரை குறிப்பிடத்தக்கது. அடங்காமல் நிற்கும் நுரை, நீரில் புரதம் மிகுந்திருப்பதன் அடையாளமாகலாம் என்பது இன்றைய சிறுநீரக மருத்துவரும் ஏற்கும் செய்தி.

ஐரோப்பாவிலும் இதற்கிணையான மரபு ஒன்று செழித்திருந்தது. இடைக்கால மருத்துவர் கையில் இருந்த அடையாளப் பொருள் சிறுநீர்க் குடுவையே. நிறங்களை வட்டமாக வரைந்த அட்டவணையோடு குடுவையை ஒப்பிட்டு நோய் கூறினர். காலப்போக்கில் நோயாளியைக் காணாமலே, குடுவையை மட்டும் பார்த்து ஆருடம்போல் நோய் சொல்வோர் பெருகினர். 1637இல் தாமஸ் பிரையன் என்ற ஆங்கிலேயர் இத்தகையோரைக் கண்டித்தும் எள்ளியும் ஒரு நூலே எழுதினார். நீரில் செய்தி இருக்கிறது என்ற எண்ணம் அவர்களிடம் தவறாக இல்லை. எந்தச் செய்தி நோயுடையது, எது நலமுடையோரிடமும் காணப்படுவது என்று பிரித்தறியும் அளவுகோல்தான் அவர்களிடம் இல்லை.

புரதம் பேசத் தொடங்கிய காலம்

நிறத்திலிருந்து வேதியியலுக்கு மாறிய பின்னரே சிறுநீர் நம்பத்தக்க சான்றாயிற்று. 1827இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கிய நோயாளிகள் சிலரின் சிறுநீர் சூடேற்றினால் முட்டை வெண்கருபோல் திரிவதையும், இறந்தபின் அவர்களின் சிறுநீரகங்கள் சிதைந்திருப்பதையும் இணைத்துக் காட்டினார். நீரில் கண்டது உறுப்பில் உறுதிப்பட்டது.

அடுத்த படி புற்றுநோயைத் தொட்டது. 1845 நவம்பரில் லண்டன் மருத்துவர் தாமஸ் வாட்சன், எலும்பு வலியால் நலிந்த வணிகர் ஒருவரின் சிறுநீரை ஒரு குழாயில் இட்டு, இது என்ன பொருள் என்று கேட்டு ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வேதியியல் தேர்ந்த மருத்துவருக்கு அனுப்பினார். அதிலிருந்த புரதம் விந்தையானது. மிதமான சூட்டில் திரிந்தது, கொதிக்கும்போது கரைந்தது, ஆறியதும் மீண்டும் திரிந்தது. அந்நோயாளிக்கு இருந்தது எலும்பு மச்சையைத் தாக்கும் மைலோமா என்ற புற்றுநோய். 1840களின் இறுதியில் பென்ஸ் ஜோன்ஸ் வெளியிட்ட கட்டுரைகளே, ஒரு புற்றுநோய்க்கு உடல்நீரிலிருந்து கிடைத்த முதல் புரத அடையாளத்தை உலகுக்கு அறிவித்தன. அது எதிர்ப்புரதங்களின் ஒரு சிறு துண்டு என்று ஜெரால்டு எடெல்மனும் ஜோசப் காலியும் காட்டியது 1962இல்தான். அடையாளம் கண்ட நாளுக்கும் அதன் பொருள் விளங்கிய நாளுக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது.

மூன்றாவது படி பெண்களுடையது. 1920களின் பிற்பகுதியில் பெர்லினில் செல்மார் ஆஷைமும் பெர்ன்ஹார்ட் சோன்டெக்கும், கருவுற்ற பெண்ணின் சிறுநீரை இளம் எலிகளுக்குச் செலுத்தினால் அவற்றின் சூலகங்கள் முதிர்வதைக் கண்டனர். நஞ்சுக்கொடி சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் சர்க்கரைப் புரதமே அதற்குக் காரணம். இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் கருத்தரிப்புச் சோதனை அட்டையின் மூதாதை அதுவே. நஞ்சுக்கொடித் திசுவில் எழும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயிலும் இதே புரதம் பெருகுவதால், சிகிச்சையின் போக்கை அளக்கவும் அது பயன்பட்டது.

இவ்விரு வெற்றிகளுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. மைலோமா அணுக்கள் ஒரே புரதத்தை வெள்ளமாகக் கொட்டுகின்றன. நஞ்சுக்கொடி, வேறு எந்த உறுப்பும் அவ்வளவில் சுரக்காத புரதத்தைச் சுரக்கிறது. அளவு மிகுதி, பிறப்பிடமும் ஐயமற்றது. மார்பகப் புற்றுநோயில் இவ்விரு வசதிகளும் இல்லை.

சிறுநீரகம் என்னும் வடிகட்டி

மார்பகத்தில் உள்ள ஒரு சிறு கட்டி வெளியிடும் புரதம் முதலில் குருதியில் கலக்க வேண்டும். குருதியில் அதைவிடப் பல கோடி மடங்கு மிகுந்த ஆல்புமின் முதலிய புரதங்களுக்கிடையே அது கரைந்துபோகிறது. பின்னர் சிறுநீரகத்தின் நுண்சல்லடையைக் கடக்க வேண்டும். பெரிய புரதங்கள் அங்கேயே தடுக்கப்படுகின்றன. கடந்துவரும் சிறியவற்றையும் சிறுநீரகக் குழல்கள் பெரும்பாலும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவேதான் நலமுடைய ஒருவர் நாளொன்றுக்கு வெளியேற்றும் மொத்தப் புரதம் பொதுவாக 150 மில்லிகிராமுக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி சிறுநீரகமும் சிறுநீர்ப் பாதையும் தாமே உதிர்ப்பவை. 1950இல் டாம், ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் பிரித்தெடுத்த யூரோமோடுலின் அவற்றுள் முதன்மையானது.

எனவே ஆய்வாளர் தேடுவது, ஏற்கெனவே குறைவான புரதத்தில் அரிதினும் அரிதான ஒரு துகளை. சிறுநீர்ப் பாதைத் தொற்று, நீரிழிவு, மாதவிடாய்க் குருதிக் கலப்பு, கடும் உழைப்பு ஆகிய ஒவ்வொன்றும் அப்புரதக் கலவையை மாற்றிவிடும். காலையில் பிடித்த நீரும் நண்பகலில் பிடித்த நீரும் செறிவில் வேறுபடும். இத்தனைக்கும் நடுவே மார்பகத்தின் குரலை மட்டும் பிரித்துக் கேட்க வேண்டும்.

பாஸ்டனில் கிடைத்த துப்பு

அக்குரலைக் கேட்டதாக முதலில் உறுதியோடு கூறியவர்களுள் ஒருவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் மார்ஷா மோசஸ். புற்றுக்கட்டி வளர, தன்னைச் சூழ்ந்த திசு வலையை அறுத்து, புதிய குருதிக் குழாய்களை இழுத்துக்கொள்ள வேண்டும். அவ்வலையை அறுக்கும் கத்தரிகளாகச் செயல்படுபவை எம்.எம்.பி. என்னும் நொதிகள். அவை புற்றுநோயாளிகளின் சிறுநீரில் மிகுதியாகத் தென்படுவதை மோசஸ் குழுவினர் 1998இல் வெளியிட்டனர். 2004இல் அதே ஆய்வகம், அடாம்-12 என்ற மற்றொரு நொதி மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களின் சிறுநீரில் உயர்ந்திருப்பதையும், நோயின் நிலை முற்ற முற்ற அதன் அளவும் ஏறுவதையும் காட்டியது. 2008இல் அவர்கள் இன்னும் ஒரு படி முன்சென்று, புற்றுநோயாக மாறும் வாய்ப்பு மிகுந்த மார்பகத் திசு மாற்றங்களை உடைய பெண்களின் சிறுநீரையும் ஆராய்ந்தனர்.

எங்கோ இருக்கும் கட்டியின் நிழல் சிறுநீரில் விழக்கூடும் என்ற எண்ணத்திற்கு இவ்வாய்வுகள் வலுவூட்டின. ஆனால் எம்.எம்.பி. நொதிகள் மார்பகத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பிற புற்றுநோய்களிலும், அழற்சியிலும், தொற்றிலும் அவை உயர்கின்றன. ஒரு நொதியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத இயலாது. பல புரதங்களை ஒருசேரப் பார்க்க வேண்டும். அதற்கு முன், நலமுடைய சிறுநீரில் எவையெல்லாம் இயல்பாக உள்ளன என்பது தெரிய வேண்டும். அத்தேவையை நிறைவேற்ற முனைந்த ஆய்வகங்களுள் ஒன்று பெங்களூரில் இருந்தது.

வொயிட்ஃபீல்டில் எழுந்த பட்டியல்

2002இல் பெங்களூரு வொயிட்ஃபீல்டில், மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பன்னாட்டுத் தொழில்நுட்பப் பூங்காவில், இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மாடிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் தொடங்கியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அகிலேஷ் பாண்டே அதன் நிறுவனர். தொடக்கத்தில் அங்கு நடந்த பெரும்பணி வாசிப்பே. இளம் உயிரியலாளர்கள் ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொரு மனிதப் புரதத்தைப் பற்றியும் தெரிந்தவற்றைக் கையால் தொகுத்தனர். அவ்வாறு உருவாகி 2003இல் வெளிவந்த மனிதப் புரத மேற்கோள் தரவுத்தளம் உலகெங்கும் பயன்பட்டது.

தொகுப்பதிலிருந்து அளப்பதற்கு அந்நிறுவனம் நகர்ந்தபோது கையிலெடுத்தவற்றுள் ஒன்று சிறுநீர். 2006இல் ஜெர்மனியின் மாத்தியாஸ் மான் குழுவினர் சிறுநீரில் 1,543 புரதங்களைக் கண்டு, அதுவரை நிலவிய எண்ணிக்கையை வெகுவாக உயர்த்தியிருந்தனர். பெங்களூருக் குழு 2011இல் வெளியிட்ட கட்டுரையில், நலமுடையோரின் சிறுநீரில் 1,823 புரதங்களை அடையாளம் கண்டதாக அறிவித்தது. அவற்றுள் 671 புரதங்கள் சிறுநீரில் இருப்பதாக அதற்குமுன் எவரும் கூறாதவை. தவறான அடையாளங்கள் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவாக இருக்குமாறு வரம்பிட்டே இவ்வெண்ணிக்கையை அவர்கள் தந்தனர்.

அம்முறை விளக்கத்தக்கது. புரதங்களை நொதியால் சிறு துண்டுகளாக வெட்டி, மின்னேற்றி, நிறை நிறமாலைமானியில் செலுத்துவர். கருவி ஒவ்வொரு துண்டின் நிறையையும் நுட்பமாக அளக்கும். பின்னர் அத்துண்டையே மேலும் உடைத்து, உடைந்தவற்றின் நிறைகளையும் அளக்கும். அந்த எண்களைக் கணினி, மனித மரபணுக்கள் குறிக்கும் எல்லாப் புரதங்களோடும் ஒப்பிட்டு இன்ன துண்டு இன்ன புரதத்தினுடையது என்று கூறும். ஆல்புமின், யூரோமோடுலின் போன்ற மிகுபுரதங்களின் ஆரவாரத்தில் அரியவை மறைந்துபோகாதிருக்க, பெங்களூருக் குழு லெக்டின்களைத் துணைக்கொண்டது. லெக்டின்கள் விதைகளிலும் பிறவற்றிலும் காணப்படும் புரதங்கள். பிற புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்வது அவற்றின் இயல்பு. சர்க்கரை தாங்கிய புரதங்களை மட்டும் தூண்டிலிட்டுப் பிடிக்க அவை உதவின.

இங்கே பெங்களூரின் மற்றோர் அறிவியல் மரபையும் நினைவுகூரலாம். நிலக்கடலை லெக்டினின் முப்பரிமாண வடிவத்தை 1994இலும், பலாக்கொட்டையில் உள்ள ஜாக்கலின் என்ற லெக்டினின் வடிவத்தை 1996இலும் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயனும் அவதேஷ சுரோலியாவும் இணைந்த குழு வெளியிட்டது. அவ்விரு லெக்டின்களும் டி-ஆன்டிஜென் என்ற சர்க்கரை அமைப்பைப் பற்றுபவை. நலமான அணுக்களில் வேறு சர்க்கரைகளால் மூடப்பட்டிருக்கும் அவ்வமைப்பு, மார்பகப் புற்றணுக்கள் உள்ளிட்ட பலவற்றில் வெளித்தெரிகிறது. கடலையும் பலாவும் புற்றுநோய் ஆய்வில் இடம்பெற்றது இவ்வழியே.

பட்டியல் இடும் பணியை அந்நிறுவனம் அதோடு நிறுத்தவில்லை. 2014 மே மாதம் நேச்சர் இதழில் வெளியான மனிதப் புரதத் தொகுதியின் முதல் வரைவு வரைபடத்தில் அதன் பங்கு பெரியது. நலமுடைய 30 வகைத் திசுக்களையும் அணுக்களையும் ஆராய்ந்து, 17,294 மரபணுக்களின் புரதங்களை அது பதிவு செய்தது. இதனால் சிறுநீரில் காணும் ஒரு புரதம் உடலின் எந்தத் திசுவிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று உய்த்துணரவும் ஓர் அடிப்படை கிடைத்தது.

அவசரத்தின் விலை

நலமுடையோரின் பட்டியல் ஏன் அவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பத்தாண்டுக்கு முன்னரே ஒரு தோல்வி உலகுக்கு உணர்த்தியிருந்தது. 2002இல் லான்செட் இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரு துளிக் குருதியின் புரத வடிவங்களைக் கொண்டு சூலகப் புற்றுநோயைக் கண்டறியலாம் என்றது. ஆய்வுக்கு எடுத்த 50 நோயாளிகளையும் அது சரியாகக் கண்டதாம். நோயற்ற 66 பேரில் 63 பேரைச் சரியாக விலக்கியதாம். நாளிதழ்கள் கொண்டாடின. வணிகச் சோதனை ஒன்றும் ஆயத்தமாயிற்று. ஆனால் டெக்சாஸைச் சேர்ந்த புள்ளியியலாளர் கீத் பேகர்லியும் உடனிருந்தோரும் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, அவ்வேறுபாடுகள் நோயினால் விளைந்தவை என்று கொள்ள இயலாது, மாதிரிகளைக் கையாண்ட முறையாலும் கருவியாலும் விளைந்திருக்கலாம் என்று 2004இல் எழுதினர். அச்சோதனை சந்தைக்கு வரவில்லை.

இப்பாடத்தை மனத்திற்கொண்டே பின்வந்த மார்பகப் புற்றுநோய்ச் சிறுநீர் ஆய்வுகளைப் படிக்க வேண்டும். 2015இல் சிட்னியில் நடந்த ஆய்வு, நோயுற்ற 20 பெண்களையும் நலமுடைய 20 பெண்களையும் ஒப்பிட்டு, நோயுற்றோரிடம் மிகுந்திருந்த 59 புரதங்களைக் குறித்தது. 2016இல் புனேயின் தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் ஸ்ரீகாந்த் ரபோலே குழுவினர், ஹெர்-2 மிகுந்த மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களின் சிறுநீரில் புரதங்கள் எவ்வாறு மாறுகின்றன என்று பல முறைகளால் அளந்து காட்டினர். இந்தியப் பெண்களிடமிருந்தே பெறப்பட்ட சான்று என்பதால் இது நமக்கு நெருக்கமானது. இவை மதிப்புடைய துப்புகள். ஆயின் சில பத்துப் பேரிடம் கண்ட வேறுபாடு ஆயிரக்கணக்கானோரிடமும் நிலைக்கிறதா, வேறொரு மருத்துவமனையில் வேறொருவர் பிடித்த நீரிலும் தென்படுகிறதா என்று சோதிக்கும் நீண்ட பணி இன்னும் உள்ளது.

ஒரு கணக்கு

அப்பணியின் கடினத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். அறிகுறி ஏதுமற்ற 10,000 பெண்களுள் 30 பேருக்கு நோய் மறைந்திருப்பதாகக் கொள்வோம். நோயுள்ளோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் கண்டுபிடித்து, நோயற்றோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாக விலக்கும் ஒரு சிறுநீர்ச் சோதனை கிடைத்துவிட்டது எனவும் கொள்வோம். கேட்பதற்கு மிகச் சிறந்த சோதனைதான். அது 27 பேரைக் கண்டுபிடிக்கும், மூவரைத் தவறவிடும். அதே வேளையில் நோயற்ற 997 பேரையும் நோயாளி என்று சுட்டும். சுட்டப்பட்ட 38 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே உண்மையில் நோய் இருக்கும். ஏனையோர் மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், சிலர் ஊசித் திசுச் சோதனை என்று அலைய நேரிடும். அச்சத்தோடு கழியும் அந்நாட்களுக்கும், இழக்கும் கூலிக்கும், செலவாகும் பணத்துக்கும் யார் பொறுப்பேற்பது என்பது ஆய்வகத்துக்கு வெளியே எழும் கேள்வி.

தவறவிடப்பட்ட மூவரின் நிலை இன்னும் கொடியது. சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததால், கையில் தட்டுப்படும் கட்டியையும் அவர்கள் பொருட்படுத்தாமல் விடக்கூடும்.

கைகளும் குப்பியும்

பெங்களூரு நகரின் புற்றுநோய் வரலாற்றில் மற்றொரு பட்டியலும் உண்டு. 1973இல் அங்கு கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் தேசியத் திட்டத்தின்கீழ் 1982 முதல் பம்பாய், சென்னை ஆகிய நகரங்களோடு பெங்களூரிலும் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு பேணப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் அந்நகரப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். பின்னர் மார்பகப் புற்றுநோய் அதை முந்தியது. ஆண்டுதோறும் பொறுமையாக எழுதப்பட்ட அப்பதிவேடு இல்லையேல், எதைத் தேட வேண்டும் என்பதே தெரிந்திராது.

கருவிகளின்றித் தேடும் வழியும் இந்நாட்டில் சோதிக்கப்பட்டுள்ளது. 1998இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் இந்திரனீல் மித்ரா தலைமையில், 35 முதல் 64 வயதுவரை உள்ள 1,50,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பாதியினரின் மார்பகங்களை, பயிற்சி பெற்ற பெண் நலப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். இருபதாண்டுக்குப்பின் 2021இல் முடிவு வெளிவந்தது. பரிசோதிக்கப்பட்டோரிடம் நோய் முற்றாத நிலையிலேயே கண்டறியப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. அதனினும் இளையோரிடம் அத்தகைய குறைவு தென்படவில்லை. எதிர்காலச் சிறுநீர்ச் சோதனை எதுவாயினும், பயிற்சி பெற்ற கைகளின் இவ்வெளிய அளவோடு ஒப்பிட்டே அதன் பயனை மதிப்பிட வேண்டும். மும்பை ஆய்வு இளையோருக்குத் தராத விடையை அச்சோதனை தருமானால், அதுவே அதன் உண்மையான வெற்றியாகும்.

மார்பகப் புற்றுநோய் உண்டா இல்லையா என்று சிறுநீரைக் கொண்டு முடிவுசெய்யும் முறை இன்றைய வழக்கமான மருத்துவத்தில் இடம்பெறவில்லை. அத்தகைய சோதனை கைக்கு வந்துவிட்டது என்று பரவும் செய்திகளைப் படிக்கும்போது, எத்தனை பேரிடம் சோதித்தார்கள், நலமுடையோர் எத்தனை பேர், வேறோர் ஆய்வகம் அதை உறுதிசெய்ததா என்ற மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. அச்சோதனை வரும்வரை, மார்பில் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் சுருங்கினாலோ, காம்பில் குருதி கசிந்தாலோ எந்தக் குப்பிக்கும் காத்திராமல் மருத்துவரிடம் செல்வதே வழி.

பென்ஸ் ஜோன்ஸ் கண்ட புரதத்தின் பொருள் விளங்க நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பெங்களூருப் பட்டியலில் உள்ள 1,823 பெயர்களும், பாஸ்டனும் சிட்னியும் புனேயும் சேர்த்த சில பத்துப் பெயர்களும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. அவற்றை இந்தியப் பெண்களிடம், ஆயிரக்கணக்கில், பல மருத்துவமனைகளில், ஒரே முறையில் பிடித்த நீரில் சரிபார்க்கும் ஆய்வே இப்போது தேவை. அது தலைப்புச் செய்தியாகாத வேலை. பதிவேட்டில் பெயர் எழுதியவர்களும், கட்டுரைகளைக் கையால் தொகுத்தவர்களும் செய்த வேலையும் அத்தகையதே.